இரண்டாவது ஓட்டை

"வண்டி ரெண்டு கிலோமீட்டர் ஓடுது. அப்புறம் செத்துப் போகுது. ஏன்?" என்று கேட்டார் சென்னியப்பன்.

பிலோமினா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. பிளக் நாலும் புதுசு. பெட்ரோல் பம்பும் புதுசு. அரைமணி நேரம் ஓரங்கட்டினால் தானாக ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் போய் மறுபடி படுத்துக்கொள்கிறது. இதென்ன, பேய் பிடித்த வண்டியா?

கோயமுத்தூரில் பழைய கார் என்றால் பிலோமினாவின் ஷெட்டுக்குத்தான் போவார்கள். கைராசிக்காரி, ஆனால் பேச்சில் கஞ்சம். சென்னியப்பன் அவளைவிட மூத்தவர், பம்புசெட் செய்து பேர் வாங்கியவர். அப்பா விட்டுப்போன காரைத் தன் கையாலேயே எழுப்பிக் காட்டுகிறேன் என்று வீட்டிலேயே பிரித்துப் போட்டுக்கொண்டு, ஞாயிறு தவறாமல் இவளிடம் பாடம் கேட்க வந்தார். கேட்க வந்தவர் கேட்டாரா என்றால், அதுதான் இல்லை. அவர் பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"டேங்கு மூ..." என்றாள் பிலோமினா.

"டேங்கெல்லாம் சுத்தம். கழுவிக் காயவெச்சு மாட்டினதே நான்தான். ஒரு சொட்டு ஒழுகாது. ஒழுகாத பம்பு செஞ்ச கையம்மா இது. எங்கே ஓட்டையைக் கண்டாலும் அடைச்சிட்டுத்தான் மறுவேலை."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் குரல் இறங்கியது. மனைவி சுலோசனா நாளைக் காலை ஓசூருக்குக் கிளம்புகிறாளாம், மகள் வீட்டுக்கு. பேரனைப் பார்க்கப் போகிறாள், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் எப்போது வருவாய் என்று கேட்டதற்கு, "வந்து யாருகிட்டப் பேசறது?" என்று தலையில் கல்லைப் போட்டுவிட்டாள்.

காரில் பக்கத்தில் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது கூட்டிப்போனால் மனசு மாறுவாள் என்று இவருக்கு ஒரு நப்பாசை. ஆனால் போன தடவை நடுரோட்டில் கார் நின்று, அவள் ஆட்டோ பிடித்துத் தனியாக வீடு வந்து சேர்ந்தாள். அதற்கு முந்தின தடவையும் அப்படியே.

"இது ஓடலைன்னா அவ போயிருவாம்மா," என்றார். கண் கலங்கிவிட்டது.

பிலோமினா எழுந்து போனாள். சீல் உடைக்காத எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஓர் ஆணி, ஒரு சுத்தியல், ஒரு கிண்ணம்.

"ஊத்துங்கண்ணா."

எண்ணெய்க்கு இப்போது என்ன கேடு என்று அவர் எகிறினார். நான் என்ன கேட்கிறேன், நீ என்ன செய்யச் சொல்கிறாய் என்றார். அவள் ஆணியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

எரிச்சலோடு டின்னில் ஒரு மூலையில் ஆணியை வைத்து ஓங்கி அடித்தார். கிண்ணத்தின் மேல் கவிழ்த்தார். நாலு சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

உலுக்கினார். களக்கென்று இன்னும் ரெண்டு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஷெட்டில் அவர் பேசாமல் உட்கார்ந்தது அன்றுதான்.

மெதுவாக ஆணியை எடுத்தார். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டார்.

எண்ணெய் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. கிண்ணம் நிரம்பி வேட்டி நனைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மூடி," என்றார். "டேங்கு மூடியில ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருந்துச்சு. துரு தின்னதுன்னு நெனச்சு ஈயத்தை வெச்சு அடைச்சுப்புட்டேன். காத்து உள்ளே போனாத்தானே பெட்ரோல் இறங்கும்?"

"மூணு வாரமா அதைத்தானுங்கண்ணா சொல்ல வர்றேன்."

சென்னியப்பன் ஏதோ சொல்லப் போனார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஈயத்தைக் குத்தி எடுத்தார்.

மறுநாள் காலையில் சுலோசனாவின் பையைப் பின்சீட்டில் வைத்தார். அவள் நம்பிக்கையில்லாமல்தான் ஏறினாள். ஆட்டோக்காரன் நம்பரைப் போனில் எடுத்து வைத்திருந்தாள்.

கார் வழக்கமாக நின்றுபோகும் புளியமரம் வந்தது. தாண்டியது. கார் நிற்கவில்லை.

அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. கண்டுபிடித்த கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டாமா?

"ஏனுங்க, எனக்கு ஒண்ணு..." என்றாள் சுலோசனா.

"தெரியும், தெரியும்" என்று அங்கேயே வெட்டுவதுதான் அவர் வழக்கம். இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு சொன்னாள். முட்டிவலியில் ஆரம்பித்தாள். தனியாகச் சாப்பிடும் ராத்திரிச் சோறு தொண்டையில் இறங்காததைச் சொன்னாள். தன் அண்ணன் செத்த வீட்டில்கூட அவர் கார்புரேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இடையில் ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள்.

பஸ் ஸ்டாண்டு வந்தது. ஓசூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சென்னியப்பன் இறங்கி, பின்சீட்டிலிருந்து பையை எடுத்தார்.

சுலோசனா இறங்கவில்லை.

"பஸ் கிளம்பப் போகுது, சுலோசனா."

"நான் இன்னும் முடிக்கலீங்க," என்றாள். "பையை உள்ளே வெச்சிட்டு வண்டியை எடுங்க."