ராஜா ஓட்டிய அறுநூறு மைல்

சைக்கிள் என்ற வாகனம் கப்பலேறி நம் பக்கம் வந்து இறங்கிய காலம் அது. கொடிவயல் சீமையை விசயரங்க ராஜா ஆண்டுகொண்டிருந்தார். கொடை கொடுப்பதில் தாராளம், கோபப்படுவதில் அதைவிடத் தாராளம். வயது நாற்பத்தொன்று. அரண்மனைப் படி பத்து ஏறினால் பதினோராவது படியில் ஆள் தாங்க வேண்டும்.

அரண்மனை வைத்தியர் மாசிலாமணி ஒருநாள் நாடி பிடித்துப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"மகாராஜா, உங்கள் தகப்பனார் நாற்பத்திரண்டில் மூச்சடைத்துப் போனார். உடம்பை அசைக்காவிட்டால் உங்களுக்கும் அதே கதிதான். மருந்து என்னிடம் இல்லை, உங்கள் காலில்தான் இருக்கிறது."

ராஜா பயந்துபோனார். "ஆளுக்கொரு வழி சொல்லுங்கள்" என்றார் சபையில்.

மந்திரி அம்பலவாணர் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ராஜா ஏறினார், நாலு முழம் போனார், லாயத்துச் சாணிமேட்டில் விழுந்தார். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ராஜாவின் காது சிவந்தது.

இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவர் அரண்மனை அதிகாரி கோதண்டம். மந்திரி பதவிமேல் பத்து வருஷமாகக் கண் அவருக்கு.

"தெருவில் போகிறவன் ஓட்டுகிற வண்டியில் ராஜா ஏறுவதா பிரபு? கடல்கடந்து வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து ஒன்று தருவித்திருக்கிறேன். நின்ற இடத்திலேயே நிற்கும். மிதித்தால் சக்கரம் மட்டும் சுற்றும். விழவே முடியாது. எத்தனை மைல் என்று முள் காட்டும்!"

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த வேகத்தில் ஒரு ஆணையும் போட்டார். "ஒரு மண்டலம் இதை மிதிப்பேன். நாற்பத்தெட்டாம் நாள் கோட்டைக் கொத்தளத்தின் அறுபது படியையும் நிற்காமல் ஏறுவேன். ஏறிவிட்டால் மந்திரி பதவி கோதண்டத்துக்கு. என்னைச் சாணியில் விழவைத்த அம்பலவாணர் சீமையை விட்டே போக வேண்டும்."

நாள் ஓடியது. ராஜா தினமும் மிதித்தார். முள் நூறு காட்டியது, முந்நூறு காட்டியது. "பிரபு காசிக்கே கால்வாசி தூரம் போய்விட்டார்!" என்று கோதண்டம் கைதட்டினார்.

மந்திரி மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது ராஜாவின் நெற்றியில் பொட்டு வியர்வை இல்லை. இடுப்புக் கச்சை ஒரு விரல்கூடத் தளரவில்லை. சிம்மாசனத்துக்கு நடக்கும்போது அதே இளைப்பு.

நாற்பதாம் நாள் முள் அறுநூறு காட்டியது. அன்று மந்திரிக்குச் சோறு இறங்கவில்லை. "நான் ஊரை விட்டுப் போவது கிடக்கட்டும்" என்றார் மனைவியிடம். "அந்த மனிதர் அறுநூறு மைல் போனதாக நம்பிக்கொண்டு அறுபது படி ஏறப்போகிறார். பாதியில் உயிர் போய்விடும்."

"அதைப் போய்ச் சொல்லுங்களேன்."

"பதவி போகிற வயிற்றெரிச்சல் என்பார்கள்."

மறுநாள் சபையில் மந்திரி கைகட்டி நின்றார். "தோற்றுவிட்டேன் மகாராஜா. போகும் முன் அந்த யந்திரத்தைச் சபையோர் எல்லாரும் ஒருமுறை பார்க்கட்டும்."

யந்திரம் வந்தது. மந்திரி அதைச் சுற்றிவந்தார். "அறுநூறு மைல்! மிதிப்பது ரொம்பக் கஷ்டமோ, கோதண்டம்?"

கோதண்டம் மார்பை நிமிர்த்தினார். "கஷ்டமா? நம் மல்லர்கள் மிதித்தால் முட்டி கழன்றுவிடும். பிரபுவின் காலுக்கு மட்டுமே அது அசையும்."

"சபையறியச் சொல்கிறீர்களா?"

"சத்தியமாகச் சொல்கிறேன்!"

ராஜா பூரித்தார். மந்திரி திரும்பி, ராணியின் மடியில் இருந்த நாலு வயது இளவரசியைப் பார்த்தார். "செண்பகம், இங்கே வா தாயி. இந்த மிதிகட்டையை விரலால் தள்ளு பார்ப்போம்."

குழந்தை சுண்டுவிரலால் தள்ளினாள். சக்கரம் காற்றாடி மாதிரி சுற்றியது. முள் ஏறியது. "இன்னொரு தடவை!" என்று குழந்தை சிரித்தாள்.

ராஜாவின் கை உடைவாளுக்குப் போனது.

"அம்பலவாணரே, நாற்பது நாள் என்னைப் பைத்தியக்காரன் என்று காட்டவா இத்தனையும்?"

மந்திரி நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. "நீங்கள் ஒருநாள் தவறாமல் மிதித்தீர்கள் மகாராஜா. உங்கள் உழைப்பில் குறையில்லை. இதோ, சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிற திருகு. இதைத் தளர்த்தியது யார் என்று மட்டும் கேளுங்கள்."

வாளைப் பாதி உருவியபடி ராஜா திரும்பினார். கோதண்டம் காலில் விழுந்தார். "முதல் நாள் தொடை வலிக்கிறதென்று சவுக்கடி கொடுப்பேன் என்றீர்களே பிரபு! பயந்து தளர்த்தினேன். அப்புறம் நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். நான்... பதவிக்கு ஆசைப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன்."

ராஜா வாளை உறையில் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் எது நல்லது மந்திரி? நிற்கிறதா, ஓடுகிறதா?"

"திருகை இறுக்கினால் நிற்பதும் நல்லதுதான். அடைமழைக்கு ஆகும். ஆனால் வலித்தால் தளர்த்தலாம், சலித்தால் இறங்கிவிடலாம். ஓடுகிற சைக்கிளில் இரண்டு மைல் போய்விட்டால், அந்த இரண்டு மைலையும் திரும்பி வந்தே ஆக வேண்டும். அதை எந்த அதிகாரியாலும் உங்களுக்காகக் குறைக்க முடியாது."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். கோதண்டத்துக்கு, திருகு இறுக்கிய யந்திரத்தில் அறுநூறு மைலையும் மிதித்துத் தீர்க்கும்வரை சபையில் ஆசனம் இல்லை என்றாயிற்று. கொத்தளம் ஏறுவதை ராஜாவே தள்ளிப் போட்டார்.

பிறகு ஓடுகிற சைக்கிளில் ஏறினார், விழுந்தார், எழுந்தார், முட்டி சிராய்த்துக்கொண்டார். ஆறு மாதம் போனபின் வைத்தியர் நாடி பிடித்துவிட்டு, முதல்முறையாக முகம் வாடாமல் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஒருநாள் காலை, வாய்க்கால் மேட்டில் ராஜா சைக்கிளில் தனியாக ஏறிக்கொண்டிருந்தார். எதிரே நாற்றுக்கட்டோடு வந்தவள் இவரை யாரென்று அறியாமல் கத்தினாள்: "யோவ், கண்ணு எங்கே இருக்கு? ஓரமாப் போய்யா!"

ராஜா சட்டென்று ஒதுங்கி, வரப்பில் காலூன்றி நின்றார். வியர்வை வழிந்தது, மூச்சு வாங்கியது. சிரிப்பதற்கும் மூச்சு மிச்சம் இருந்தது.