கிழக்கே பார்த்த அடுப்பு

இந்தக் கதையைக் காதால் மட்டும் கேட்டால் போதாது. கொஞ்சம் கண்ணாலும் கேட்க வேண்டும்.

மதுரையில் ஞானசேகரும் சுகந்தியும் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. பேச்செல்லாம் சைகையில்தான். வாடகை வீட்டில் சுகந்தி அடுப்படியில் நின்றால் ஹாலுக்கு முதுகு. அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்கத் திரும்பினால் தோசை கருகிவிடும். அதனால் ஏழு வருஷமாகச் சமையல் நேரத்தில் அவர்களுக்குள் பேச்சே இல்லை.

புது வீட்டிலும் சமையலறைக்கு மேற்கேதான் ஹால். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் வைக்கும் பால்கனி. மாமியார் சிவகாமியோ, கிழக்கே பார்த்துத்தான் சமைக்க வேண்டும் என்று சுகந்தியிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

மூன்று இன்டீரியர் டிசைனர்கள் வந்தார்கள். சுகந்தி மூவரிடமும் ஒன்றைத்தான் கேட்டாள். அவள் கைகளைப் பார்த்துச் சிவகாமிதான் வாயால் சொன்னார்: "சமைக்கிறப்பவும் அவர் பேசுறது எனக்குத் தெரியணும்."

ரோஷன் கம்ப்யூட்டரில் வீட்டையே சுற்றிக் காட்டினார். அடுப்பு கிழக்கே, அதற்கு மேலே சுவர் அகலத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. பின்னால் இருக்கும் ஹால் முழுக்க அதில் தெரியும். சிவகாமிக்குப் பரம திருப்தி.

பெனடிக்ட், நடுச்சுவரை எடுத்துவிட்டு அடுப்பை மேற்கே திருப்பலாம் என்றார். சுகந்தியின் முகம் மலர்ந்தது. "அப்ப இவ பண்ணின சத்தியத்தை நீங்களே எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார் சிவகாமி.

வஹிதா படமே கொண்டுவரவில்லை. வாடகை வீட்டில் ஒரு வேளை சமைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். ரசம் நுரைத்து வருவதற்குள் தன் மூக்குக்கண்ணாடியை மூன்று தடவை கழற்றித் துடைத்தார். பிறகு புது வீட்டுக்குப் போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். பால்கனியில் வெகுநேரம் நின்றார். கடைசியில், அடுப்பு கிழக்கேயே பார்க்கட்டும், சாப்பாட்டு மேஜை மட்டும் ஹாலில் வேண்டாம் என்றார்.

"பின்னே எம்புள்ள மொட்டை மாடியிலயா உக்காந்து சாப்பிடுவான்?"

வஹிதா சிரித்தார்.

சொல்லுங்கள்: சுகந்தி யாரிடம் வீட்டை ஒப்படைப்பது சரி? அந்த மேஜை எங்கே போகும்?

விடை: வஹிதாவிடம்தான். ரோஷனின் கண்ணாடி படத்தில் பளபளக்கும். ரசம் கொதித்தால் வஹிதாவின் மூக்குக்கண்ணாடி மாதிரி ஆவி படிந்து மூடிக்கொள்ளும். பெனடிக்ட் வழியில் பேச்சு கிடைக்கும், கொடுத்த வாக்கு போய்விடும். வஹிதா அடுப்பைத் திருப்பவில்லை, ஆளை இடம் மாற்றினார். வாஷிங் மெஷின் குளியலறைக்குப் போனது. கிழக்குச் சுவரில் அகலமாக ஒரு திறப்பு, அதற்கு அந்தப் பக்கம் பால்கனியில் மேஜை. வெயிலில் கைகள் நிழலாகத் தெரியாமலிருக்க அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு மூங்கில் தட்டி. சுகந்தி கிழக்கே பார்க்கிறாள். கிழக்கே ஞானசேகர் இருக்கிறான். குடிபோன முதல் நாளும் தோசை கருகத்தான் செய்தது, பேச்சு சுவாரஸ்யத்தில். சிவகாமி அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.