பதில் ஊதாத சங்கு

கடலுக்கும் கரைக்கும் சங்குதான் பாஷையாக இருந்த காலத்திலே, ஏழுகேணிப் பட்டினம் என்று ஒரு சின்னத் துறைமுகம் இருந்தது. பிள்ளைகளே, கேளுங்கள். பெரியவர்களே, நீங்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள். இது பெரியவர்கள் செய்த தப்பைப் பற்றிய கதை.

அந்த ஊரில் முத்து இல்லை, மிளகு இல்லை, அரண்மனை இல்லை. ஏழு கேணிகள் இருந்தன. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஏழிலும் தண்ணீர் இளநீராக இனித்தது. அந்த வழியாகப் போகிற கப்பலெல்லாம் அங்கே நின்று தாகம் தீர்த்துக்கொண்டு போகும்.

துறைக்கு முன்னால் ஒரு மணல்திட்டு. கப்பல் அதற்கு அப்பால் நின்று மூன்று முறை சங்கு ஊதும். 'தண்ணீர் வேண்டும்' என்று அர்த்தம். கரையிலிருந்து மூன்று முறை பதில் சங்கு கேட்கும். 'வருகிறோம்' என்று அர்த்தம். பிறகு வழி தெரிந்த படகு குடங்களோடு போகும். பதில் வராமல் எந்தக் கப்பலும் திட்டைத் தாண்டாது. தாண்டினால் தரை தட்டும்.

ஊர்த்தலைவர் ஆதிநம்பி ஒவ்வொரு கப்பல்காரரிடமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்: "கேட்டவருக்கு இல்லையென்னாத துறை ஐயா, இது." பாட்டன் காலத்திலிருந்து அந்தப் பேச்சு உண்மையாகத்தான் இருந்தது.

பதில் சங்கு ஊதுகிறவன் பெயர் கூத்தன். நல்லவன், பயந்த சுபாவம். அவன் மனைவி தில்லை முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த ஆடி மாதத்தில், ஒரு கப்பல் வந்து திட்டுக்கு அப்பால் நின்றது. அதன் பாய்மரத்தில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. கப்பலில் கொள்ளைக் காய்ச்சல் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது.

உச்சிப் பொழுதில் மூன்று முறை சங்கு கேட்டது. கூத்தன் சங்கைக் கையில் எடுத்தான். ஆதிநம்பி அவன் கையைப் பிடித்தார்.

"ஊதாதே. நாம குடுக்கப் போற தண்ணியோட அவங்க நோவு நம்ம ஊருக்குள்ள வந்துடும்."

அடுத்த வாரம் பிறக்கப்போகும் தன் பிள்ளையைக் கூத்தன் நினைத்துக்கொண்டான். சங்கைக் கீழே வைத்தான்.

இரண்டாம் நாளும் உச்சிப் பொழுதில் சங்கு கேட்டது. ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. மூன்றாம் நாளும் கேட்டது. அன்றைக்கு ஊதியவனுக்கு மூச்சுப் பற்றவில்லை. நான்காம் நாள் காலையில் திட்டுக்கு அப்பால் வெறும் கடல்தான் இருந்தது.

ஊர் கூடிப் பேசியது. பேசி ஒரு முடிவுக்கு வந்தது. கப்பலே வரவில்லை என்பதுதான் அந்த முடிவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர்கள் ஒரு கப்பலையே மறைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது.

வருஷம் ஒன்று போயிற்று. அதே ஆடி, அதே நாள், அதே உச்சிப் பொழுது. காற்று நின்றது. காக்கைகள் கரைவதை நிறுத்தின. கடல் ஊற்றிவைத்த எண்ணெயைப்போல அசையாமல் கிடந்தது. திட்டுக்கு அப்பால், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, மூன்று முறை சங்கு கேட்டது.

யாரும் பதில் ஊதவில்லை. மறுநாள் காலையில் முதல் கேணி உப்பாகிவிட்டிருந்தது.

ஊர் என்ன செய்தது தெரியுமா? மந்திரவாதியைக் கூட்டிவந்தது, அடுத்த ஆடியில் இரண்டாம் கேணி போயிற்று. கடலில் பூவும் பாலும் கொட்டியது. மூன்றாம் கேணி போயிற்று. பிறகு எல்லாருமாக அந்த நாளில் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார்கள். 'ஆடிக்காற்று காதுக்கு ஆகாது' என்று அதற்கு ஒரு காரணமும் கற்பித்தார்கள். காதடைப்பு நாள் என்று அது ஒரு நோன்பாகவே ஆகிவிட்டது. நான்காம் கேணியும் போயிற்று, ஐந்தாவதும் போயிற்று.

அந்தக் கப்பலைப் பற்றித் தெரியாதவள் அந்த ஊரில் தில்லை ஒருத்திதான். கைக்குழந்தையோடு அவள் திரும்பி வந்தபோது கப்பல் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. எல்லாரும் பஞ்சு அடைத்தார்கள், அவளும் அடைத்தாள்.

ஆறாம் வருஷம், மகளுக்குத் தலை பின்னும்போது தில்லையின் காதுப் பஞ்சு நழுவி விழுந்தது. அவள் வாசலுக்கு ஓடிவந்து கணவன் தோளை உலுக்கி, அவன் காதுப் பஞ்சைப் பிடுங்கினாள்.

"ஏங்க, கப்பல்காரங்க சங்கு ஊதுறாங்க. பதில் ஊதாம உட்கார்ந்திருக்கீங்களே!"

"எந்தக் கப்பல்?" என்றான் கூத்தன்.

தில்லை கடலைப் பார்த்தாள். கப்பல் இல்லை. கணவன் முகத்தைப் பார்த்தாள். அதில் என்னவோ இருந்தது. மறுநாள் ஆறாவது கேணி உப்பாயிற்று.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பார்கள். ஏழுகேணிப் பட்டினத்தார் குடிக்கப்போன தண்ணீரே உப்பாக இருந்தது. கப்பல்கள் வேறு துறை தேடிப் போயின. ஒற்றைக் கேணியைச் சுற்றி ஊரே வரிசையில் நின்றது.

ஏழாம் வருஷம் அந்த நாள் வந்தது. விடிந்ததும் தில்லை துணிமணிகளை மூட்டையாகக் கட்டிக் கதவோரம் வைத்தாள்.

"நாளைக்கு அந்தக் கேணியும் உப்பாயிடுச்சுன்னா, பிள்ளையைத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க எதையோ எங்கிட்ட மறைக்கிறீங்க. மறைக்கிறவரோட எனக்குக் குடித்தனம் வேண்டாம்."

கூத்தன் கடைசிக் கேணியிலிருந்து மூன்று குடம் தண்ணீர் இறைத்தான். தண்ணீரைக் கொடுத்துவிட்டால் போதும், வேறெதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தான். பாவம், அவனுக்கு அவ்வளவுதான் தைரியம்.

உச்சிப் பொழுது வந்தது. காற்று நின்றது. சங்கு கேட்டது. கூத்தன் காதில் பஞ்சு இல்லாமல் படகருகே நின்று தன் சங்கை எடுத்தான். அதைப் பார்த்த ஆதிநம்பி காதுப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"முட்டாளே, நீ பதில் ஊதினா கப்பல் வந்துச்சுன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"வந்துச்சே ஐயா," என்றான் கூத்தன். மூன்று முறை ஊதினான். படகைத் தள்ளினான்.

திட்டைத் தாண்டியதும் துடுப்பின் சத்தம்கூட அவனுக்குக் கேட்கவில்லை. படகு எதன்மேலோ மெல்ல மோதி நின்றது. கை நீட்டினான். ஈரமான மரப்பலகை கையில் பட்டது; கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைக்கு மேலே சூரியன் நிற்கிற நேரத்தில் அவன் படகின்மேல் ஒரு பெரிய நிழல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். வானம்தான் இருந்தது.

மேலேயிருந்து ஒரு வறண்ட குரல் வந்தது.

"நாங்கள் கூப்பிட்டோமே, கேட்டதா?"

"அன்னிக்கு எதிர்க்காத்து. சரியா கேக்கலை," என்றான் கூத்தன்.

முதல் குடத்தின் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அது குடத்தின் கழுத்து வழியாக இறங்கி அடிவரை மூடியது. கூத்தன் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். கடல் தண்ணீர்.

"நாங்கள் கூப்பிட்டோமே, கேட்டதா?"

"கேட்டுச்சு. ஊதாதேன்னு தலைவர்தான் என் கையைப் பிடிச்சுட்டார்."

அது பொய்யில்லை என்று நீங்கள் சொல்லலாம். இரண்டாவது குடத்திலும் உப்புப் பூத்தது.

ஆறு கேணிகள் எப்படிப் போயின என்று அப்போதுதான் கூத்தனுக்குப் புரிந்தது. கடல் எந்தக் கேணிக்குள்ளும் வரவில்லை. இவர்கள் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் சாக்குக்கும் ஒரு கேணி போயிருக்கிறது. மிச்சம் ஒரு குடமும் ஒரு கேணியும்தான். கதவோரத்து மூட்டை அவன் கண்ணில் வந்து நின்றது.

"நாங்கள் கூப்பிட்டோமே, கேட்டதா?"

கூத்தன் படகிலேயே மண்டியிட்டான். அழுதான்.

"கேட்டுச்சு. மூணு நாளும் கேட்டுச்சு. சங்கு என் கையிலதான் இருந்துச்சு. எம்பிள்ளைக்கு நோவு வந்துடுமோன்னு பயந்து நான்தான் ஊதலை. நீங்க செத்துப்போவீங்கன்னு எனக்குத் தெரியும்."

மூன்றாவது குடத்தில் தண்ணீர் தானாகக் குறைந்தது. மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. ஒருவர் குடித்து முடித்ததும் அடுத்தவர் குடித்தார். பெரிய மிடறுகள் முதலில் கேட்டன. பிறகு சின்ன மிடறுகள் கேட்டன. அந்த ஒரு குடம் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. காலியானதும் நிழல் படகைவிட்டு விலகியது. காற்று மறுபடி வீசியது.

கரையில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. பஞ்சை எடுங்கள் என்று கூத்தன் சைகை காட்டினான். ஆதிநம்பிதான் முதலில் கேட்டார், மெதுவாக:

"யாராவது இருந்தாங்களா?"

"சின்னப் பிள்ளைங்க குடிக்கிற சத்தம் கேட்டுச்சு ஐயா."

கூத்தன் தன் மனைவியைப் பார்த்து, தலைவர் கையைப் பிடித்ததை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னான். ஆதிநம்பி தாமாக முன்னால் வந்து அதையும் சொன்னார். தில்லை கேட்டு முடித்தாள்.

"குடத்தைத் திட்டு மேல வச்சிட்டு வந்திருக்கலாமே," என்றாள். "அவங்க வந்து எடுத்துக்கிட்டிருப்பாங்களே."

மறுநாள் காலையில் தில்லைதான் முதல் வாளி இறைத்தாள். குடித்துப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்தாள். மற்ற ஆறு கேணிகளும் பிறகு இனித்தனவா என்று கேட்பீர்கள். இல்லை. பொய்யைப் பற்றிய கதையில் நான் பொய் சொல்லமாட்டேன். அவை கடைசிவரை உப்பாகவே இருந்தன.

ஆனால் காதடைப்பு நாள் நின்றுபோயிற்று. வருஷந்தோறும் அந்த உச்சிப் பொழுதில் ஊர் திறந்த காதோடு கரையில் நிற்கும். மூன்று குடம் நல்ல தண்ணீர் திட்டின்மேல் இருக்கும். பழைய பெருமைப் பேச்சும் மாறியது. எந்தக் கப்பல் வந்தாலும் தலைவர் இப்படித்தான் சொல்வார்: "ஒரு தடவை இல்லையென்ற துறை ஐயா, இது. அதைக் கேட்ட பிறகும் மனசிருந்தா குடிங்க."

எல்லாரும் குடித்தார்கள்.

செய்த குற்றம் காதை அடைத்தாலும் காரணம் சொன்னாலும் தீராது. 'நான்தான் செய்தேன்' என்று சொல்கிற நாளில்தான் அது தீரத் தொடங்கும்.