பூரணகும்பத்துத் தண்ணீர்

ஆட்சி மாறிய நாற்பதாம் நாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் மடத்துக்குள் நுழைந்தார் அரியமுத்து. குரு வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடரைவிடக் குருவுக்குப் பத்து வயது குறைவு.

"செருப்பு," என்றார் குரு.

வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

"கீழத்தெருப் பொம்பளைங்க காலிக்குடத்தோட மெயின் ரோட்டுல உக்காந்துட்டாங்கம்மா. என் வீட்டுக்காரி செண்பகமும் அங்கதான். போலீஸ் வேன் வந்து நிக்குது. நீங்க சொன்னா எந்திரிச்சிருவாங்க."

"எதுக்கு உக்காந்தாங்க?"

"தண்ணி வரலையாம்."

"வருதா?"

"வரலைதான்."

ஐந்து வருஷம் அதே ரோட்டில் அந்தப் பெண்களைக் கூட்டிப்போய் உட்கார வைத்தவர் அரியமுத்துதான். முன்வரிசையில் இடது ஓரம், தார் இளகும் இடம் அவருடையது. பழைய ஆட்சியின் போலீஸ் ஒடித்த மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்காது. வாக்கு எண்ணி முடிந்த அன்று அந்தக் கையால்தான் சரவெடி கொளுத்தினார்.

"இது நம்ம ஆட்சிம்மா. போனவன் கஜானாவைத் துடைச்சு வச்சிட்டுப் போயிருக்கான். கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? ஆட்சியே மாறிருச்சு, இவளுக மாற மாட்டேங்குறாளுக."

குரு ஒரு கீரைக்காம்பை ஒடித்தார்.

"புது எம்.எல்.ஏ. நன்றி சொல்ல வந்தப்ப பூரணகும்பம் எடுத்தது யாரு?"

"நான்தான். ரோட்டுல வச்சுத் தட்டுவேனே, அதே பித்தளைக் குடம். புளி போட்டு விளக்கி, மாவிலை, தேங்காய் வச்சு..."

"உள்ள ஊத்தத் தண்ணி ஏது?"

 

"கடையில கேன் வாங்கினோம்."

"குடம் இப்ப எங்க?"

"சாமி படத்துக்குக் கீழ. எம்.எல்.ஏ. தொட்டுக் கும்பிட்டதுல்ல. காலையில செண்பகம் கேட்டா. தொடாதேன்னு சத்தம் போட்டுட்டேன்."

"தெரியும். மடத்துக் குடத்தை வாங்கிட்டுப் போனா."

குரு எழுந்தார். அடுக்களையில் மிச்சமிருந்த ஒரே குடத்தை எடுத்து, அதிலிருந்த தண்ணீரை அண்டாவில் கவிழ்த்தார். காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்.

"அம்மா, எங்க போறீங்க? உங்களையும் வேன்ல ஏத்திருவாங்க."

"ஏத்தட்டும். உங்க போலீஸ்தானே."

அரியமுத்து வழியை மறித்து நின்றார். குரு குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினார்.

"முன்வரிசையில இடது ஓரம் காலியாக் கிடக்குதாம். அந்த ஆள் வர்ற வரைக்கும் நான் உக்காருறேன்."