நனையாத ஆட்டுக்குட்டி

தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற நாச்சிமுத்து, அறுபது வயதில் சிறுவர் கதை எழுதக் கிளம்பினார்.

தாராபுரம் பக்கம் தீயணைப்பு வண்டிக்குத் தீயைவிடக் கிணற்று வேலைதான் அதிகம். ஆடு விழும், மாடு விழும், சில நாள் மயில்கூட விழும். நாச்சிமுத்து இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கி வருவார். எந்தக் கிணற்றுக்குப் போனாலும் மேட்டில் பிள்ளைகள் கூட்டமாக நின்று எட்டிப் பார்க்கும். "ஒதுங்கு, ஒதுங்கு" என்று அவர்களை விரட்டுவதுதான் அவருக்கு முதல் வேலை. உள்ளே என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசைதான் அவரைப் பேனா பிடிக்க வைத்தது.

அதே ஊரில் கோகிலவாணி என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். நாச்சிமுத்துவுக்கு மகள் வயது. சிறுவர் புத்தகங்களில் நல்ல பெயர் எடுத்தவர். சனிக்கிழமைதோறும் தம் வீட்டு மாடியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை படிப்பார். கேட்டு முடித்ததும் பிள்ளைகள் "இன்னொருக்கா" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட கதையை மட்டுமே பதிப்பகத்துக்கு அனுப்புவார். கேட்காவிட்டால் எவ்வளவு பெரிய ஆள் எழுதியதானாலும் திரும்பிவிடும். அவருடைய சொந்தக் கதைகளே பாதி அப்படித் திரும்பியவைதான்.

நாச்சிமுத்து அவரிடம் போய், பாடம் கேட்க வந்திருப்பதாகச் சொல்லிக் கதையை நீட்டினார். வெள்ளாட்டுக்குட்டி ஒன்று கிணற்றில் விழும் கதை. கோகிலவாணி சிறிது படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"குட்டி எப்பங்க விழுந்துச்சு?"

"ரெண்டாம் பக்கமுங்க."

"எப்பங்க மேல வந்துச்சு?"

"அதே பக்கந்தானுங்க டீச்சர்." நாச்சிமுத்துவின் குரலில் பெருமை வழிந்தது. மணி அடித்த நிமிஷத்தில் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும் என்று பழகிய மனிதர் அல்லவா.

"குட்டி இன்னும் நனையவே இல்லீங்களே, ஐயா" என்று கோகிலவாணி தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நாச்சிமுத்து குட்டியை நனைத்தார். தண்ணீரில் தத்தளிக்க விட்டார். அதற்குள் மனைவி ருக்குமணி சாப்பிடக் கூப்பிட்டாள். இலை முன்னால் உட்கார்ந்தவருக்குக் கையில் எடுத்த சோறு உள்ளே இறங்கவில்லை. குட்டி தண்ணீரில் கிடக்கிறது. கையைக் கழுவிவிட்டுப் போய், அடுத்த வரியிலேயே கயிற்றை இறக்கி அதை மேலே தூக்கிவிட்டு வந்தபிறகுதான் சாப்பிட்டார்.

"கடுதாசியில இருக்கற ஆட்டுக்கா இந்தப் பாடு?" என்று ருக்குமணி சிரித்தாள். ஆனால் அவளுக்குள் கவலையும் இருந்தது. நூல் மில் ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மனிதருக்கு அத்துப்படியான வேலை. அதை விட்டுவிட்டு இப்படிப் பேனாவோடு மல்லுக்கட்டுகிறாரே என்று அவள் அங்கலாய்த்தாள்.

நனைந்த குட்டியும் தேறவில்லை. அந்தச் சனிக்கிழமை அவர் படித்து முடித்ததும் ஒரு பையன் கொட்டாவி விட்டான். பின்னால் இருந்த பிள்ளை, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டது. நாச்சிமுத்து எத்தனையோ தீயில் நின்றவர். அன்றைக்குத்தான் முகம் வெந்துபோனது போலிருந்தது.

மில்காரர்கள் அடுத்த சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் கேட்டார்கள். அன்று காலையில் நாச்சிமுத்து மனைவியிடம் தீர்மானமாகச் சொன்னார்.

"இன்னைக்குப் பிள்ளைங்க 'இன்னொருக்கா'ன்னு கேக்கலீன்னா மில்லுக்கே போயர்றேன். கேட்டுட்டா, சாகற மட்டும் இதுதான் எனக்கு வேலை."

மாடிக்குப் போனதும் கோகிலவாணியிடம் நேராகக் கேட்டார். "என் கதையில என்னங்க குறை? சொல்லிப்போடுங்க. இடிச்சுக் கட்டோணும்னாலும் கட்டறேன்."

கோகிலவாணி அவர் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார். அதைக் கீழே வைத்துவிட்டு வாயாலேயே கதையைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

நாச்சிமுத்து சொன்னார். குட்டி துள்ளியது. கருவேல மர நிழலில் கிணறு இருந்தது தெரியாமல் ஓடியது. விழுந்தது. பிள்ளைகள் மூச்சுக்காட்டாமல் இருந்தார்கள். அவர் கயிற்றை எடுக்க வாயைத் திறந்தார்.

"ஐயா, வாங்க. கீழ போய் டீ குடிச்சுட்டு வந்தர்லாம்" என்று கோகிலவாணி எழுந்தார்.

"குட்டி உள்ளார கெடக்குதுங்க டீச்சர்."

"தெரியுமுங்க. வாங்க."

பாடம் கேட்க வந்தவர் எதிர்த்துப் பேச முடியுமா? நாச்சிமுத்து இறங்கிப் போனார். கீழே டீ வந்தது. மேலே சத்தம் கிளம்பியது. எதையோ இழுத்தார்கள், யாரோ கத்தினார்கள், ஒரு ஆடு கத்தியது. நாச்சிமுத்து பாதி எழுந்துவிட்டார்.

"டீ ஆறிப்போயிருமுங்க" என்றார் கோகிலவாணி.

நாச்சிமுத்து உட்கார்ந்தார். முப்பது வருஷ வேலையில் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டி வந்ததே இல்லை. அந்த ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

மேலே போய்ப் பார்த்தால், முக்காலிகளை வட்டமாகக் கவிழ்த்துப் போட்டுக் கிணறு கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு சின்னப் பெண் சுருண்டு கிடந்து ஆடு மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். துப்பட்டாக்களையும் பெல்ட்டுகளையும் முடிச்சுப் போட்டுக் கயிறாக்கியிருந்தார்கள். கயிற்றை மட்டும் போட்டால் குட்டி எதால் பிடிக்கும், அதற்குக் கையா இருக்கிறது என்று ஒரு பக்கம் சண்டை. இறங்குகிற ஆளைப் பார்த்துக் குட்டி மிரண்டால் என்ன செய்வது என்று மறுபக்கம் சண்டை.

நாச்சிமுத்துவின் கண் முடிச்சுக்குப் போனது. ஒரு இழுப்புக்குத் தாங்காது. கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனார்.

கயிற்றைப் பிடித்திருந்த ஒருத்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "ஒதுங்குங்க தாத்தா, ஒதுங்குங்க."

நாச்சிமுத்து ஒதுங்கிக்கொண்டார்.

முடிச்சு அவிழ்ந்தது. ஆடு மறுபடி விழுந்தது. பிள்ளைகள் பதறிப்போய் ஆளுக்கொரு யோசனை சொல்லி மறுபடி கட்டினார்கள். ஒருவன் இறங்கி, குட்டியைத் தடவிக் கொடுத்து, வயிற்றைச் சுற்றிக் கட்டினான். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். குட்டி மேலே வந்தது. வந்த குட்டி, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, தானாகவே மறுபடி கிணற்றுக்குள் குதித்தது.

"இன்னொருக்கா" என்று கத்தியது.

எல்லோரும் கத்தினார்கள்.

நாச்சிமுத்து பையிலிருந்து போனை எடுத்தார். மாடிப்படியில் நின்று மில்லுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதைச் சொல்வதில் அவருக்குத் தயக்கமே இல்லை. வேறு ஒன்றுதான் அவரை அரித்தது.

"டீச்சர், விழுந்ததைப் பிள்ளைங்களே தூக்கிடறாங்க. எனக்குத் தெரிஞ்சது தூக்கறது ஒண்ணுதானுங்க. இனி இதுல எனக்கு என்னங்க வேலை?"

கோகிலவாணி கீழே கிடந்த கதைத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கிணறு வெட்டறதுங்க, ஐயா. நல்லா ஆழமா வெட்டோணும்."