உப்பு வாங்கப் போனவர்

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறு மடம். அங்கே சிவக்கொழுந்து என்றொரு சீடர் இருந்தார். தலை நரைத்தவர். குரு உலகம்மை அவரைவிட வயதில் இளையவர்.

ஒரு தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சிவக்கொழுந்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. செத்துவிடுவோம் என்றே நினைத்தார். சாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மடத்து வாசலைத் தாண்டவும் இல்லை. அக்கரையில் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது மேளச் சத்தத்தை மட்டும் உள்ளே இருந்து கேட்டார்.

அன்றைக்குத்தான் உலகம்மையிடம் வாய்விட்டு அழுதார். உலகம்மை உபதேசம் எதுவும் செய்யவில்லை. தினமும் காலையில் அவரோடு கொஞ்ச தூரம் நடந்தார். பயம் வந்த இடத்தில் இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பி ஓட விடமாட்டார். முன்னே போகச் சொல்லி அவசரப்படுத்தவும் மாட்டார். பயம் தணிந்ததும் எழுந்து நடப்பார்கள். முதலில் தெருமுனை, அப்புறம் படித்துறை, அப்புறம் பாலம். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்கொழுந்து தனியாகவே சந்தைக்குப் போகத் தொடங்கினார். பேரனுக்குப் பெயர் வைத்த அன்று மகள் வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பயம் ஒழிந்தது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒரு நாள் உப்பு வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. கடைவாசல் நெரிசலில் அது மறுபடி வந்துவிட்டதாம். உப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டாராம். பட்ட பாடெல்லாம் வீண், இனி வெளியே போகிற பேச்சே இல்லை என்றார்.

“துணைக்கு யார் வந்தது?” என்று கேட்டார் உலகம்மை.

“யாரும் வரவில்லை.”

“பயத்தோடேயா நடந்து வந்தீர்கள்?”

“பாலம் வரைக்கும் பயத்தோடுதான்.”

“முன்பெல்லாம் அது வந்தால் உங்களுக்குக் காலே எழும்பாது.”



அன்று மடத்தில் எல்லோரும் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் தாமாகவே பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

வெயில் ஏறுவதற்குள் உப்போடு வந்தார். அதே கடை, அதே நெரிசல். அதுவும் வந்ததாம். இந்தத் தடவை நகராமல் நின்றாராம். கடைக்காரர் உப்பை அளந்து கொட்டுவதற்குள் மூச்சு சீராகிவிட்டதாம். குறைவாக அளந்ததற்காகச் சண்டைகூடப் போட்டாராம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பையை இறக்கி வைத்துவிட்டு அவர் மெல்லக் கேட்டார்.

“இனிமேல் அது வரவே வராது இல்லையா, அம்மா?”

உலகம்மை சமையலறைக்குள் போனார். புளிப்பானையைத் தூக்கி வந்து, வாசலில் இளைப்பாறிக்கொண்டிருந்த யாத்திரிகர்களிடம் அப்படியே கொடுத்துவிட்டார். பிறகு கையைத் தட்டிக்கொண்டே சிவக்கொழுந்தைப் பார்த்துச் சொன்னார்:

“நாளைக்குப் புளி இல்லை.”