பின்னட்டை வைத்தியர்

ஒரு காட்டில் ஒரு கரடி வைத்தியம் பார்த்துவந்தது. வேரும் தழையும் அரைத்துக் கொடுக்கிற வைத்தியம் இல்லை, பிள்ளைகளே, புத்தக வைத்தியம். கரடிக்கு எப்படிப் படிக்கத் தெரியும் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லப் போனால் கதை இங்கேயே படுத்துவிடும்.

கரடியின் பெயர் சடையப்பர். காட்டோரத்தில் ஆளில்லாத பழைய பங்களா ஒன்று இருந்தது. யாரோ விட்டுப்போன புத்தகங்கள் அங்கே ஓர் அலமாரி நிறையக் கிடந்தன. சடையப்பர் அதன் வராந்தாவில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார். மனசு சரியில்லாத இளசுகளைப் பெற்றவர்கள் அங்கே கூட்டிவருவார்கள். வந்தவர்கள் பாதி சொல்வதற்குள் சடையப்பர் கையை உயர்த்திவிடுவார். எல்லாம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். எழுந்து போய் ஒரு புத்தகத்தை எடுத்துவருவார். காலையில் ஓர் அத்தியாயம், மாலையில் ஓர் அத்தியாயம், படிக்கும் நாட்களில் புளி சேர்க்கக் கூடாது என்று பத்தியமும் சொல்லி அனுப்புவார்.

இதில் ஒரு சங்கதி உண்டு. சடையப்பர் எந்தப் புத்தகத்தையும் முழுசாகப் படித்தது கிடையாது. பின்னட்டையில் நாலு வரி போட்டிருப்பார்களே, அதைப் படிப்பார். அது அழிந்திருந்தால் முன்னட்டைப் படத்தைப் பார்ப்பார். எல்லாவற்றையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தேன் எடுக்க எப்போது போவது?

ஒருமுறை பயந்தாங்கொள்ளி முயல் ஒருவனுக்கு, அட்டையில் கத்தி போட்ட புத்தகமாகப் பார்த்துக் கொடுத்தார். வீரக் கதை என்று அவர் நினைப்பு. உள்ளே முழுக்கச் சமையல் குறிப்பு. ஆரம்பத்திலேயே முயல் குழம்பு. அன்றைக்கு வளைக்குள் போனவன் வெளியே தலை காட்டவே இல்லை. பையன் வீடு தங்கக் கற்றுக்கொண்டான் என்று சடையப்பர் அதையும் தன் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். தன்னைத் தட்டிக்கொடுக்க வேறு ஆள் எதற்கு?

அந்த வருஷம் கோடை பொல்லாத கோடையாகப் போயிற்று. ஆற்றுக்கு இந்தப் பக்கம் புல் பூண்டு எல்லாம் கருகிவிட்டது. மலையில் மழை இறங்கி ஆறு பெருகுவதற்குள் யானைக் கூட்டம் அக்கரைக்குப் போயாக வேண்டும். கூட்டத்தில் தாழை என்று ஒரு பெண் இருந்தாள். குட்டி என்றும் சொல்ல முடியாது, பெரியவள் என்றும் சொல்ல முடியாது, அந்த இரண்டுங்கெட்டான் வயசு. போன வருஷம் அக்கரையிலிருந்து திரும்பி வர ஆற்றைக் கடக்கும்போது அவள் தம்பி வெள்ளத்தோடு போய்விட்டான். அதிலிருந்து அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தண்ணீரில் கால் வைக்கச் சொன்னால் அப்படியே நின்றுவிடுவாள்.

அவளை விட்டுவிட்டு அம்மா போகமாட்டாள். இரண்டு பேருக்காகக் கூட்டம் காத்திருக்கவும் முடியாது. தங்கினால் தாயும் மகளும் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான்.

அம்மா யானை மகளைச் சடையப்பரிடம் கூட்டிவந்தது. "ஆறு" என்று ஆரம்பித்ததுமே சடையப்பர் கையை உயர்த்திவிட்டார். அலமாரியைக் குடைந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அதன் பின்னட்டையில், 'ஆற்றுக்குப் பயந்த எருமைக் கன்று ஒன்று தன் தம்பியோடு துணிந்து இறங்குகிறது. பிறகு...' என்று போட்டு மூன்று புள்ளி வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளிகள் நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று சடையப்பர் முடிவுகட்டிவிட்டார். தாழை அதைத் தும்பிக்கையில் சுருட்டிக்கொண்டு போனாள்.

கூட்டம் புறப்படுகிற நாளும் வந்தது. சடையப்பர் தேனடையை நக்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். தாழை விறுவிறு என்று வந்து புத்தகத்தை அவர் மடியில் போட்டாள்.

"மாமா, இதை நீங்க படிச்சீங்களா?"

சடையப்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பொதுவாகப் பார்த்தால் படித்த மாதிரிதான் என்று இழுத்தார்.

"கடைசிப் பக்கத்தைப் படிங்க."

வேறு வழியில்லை. படித்தார். எருமைக் கன்றின் தம்பி நட்டாற்றில் முங்கிப்போகிறான். அக்கா மட்டும் கரையேறுகிறாள். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது.

யானைக் குட்டி ஆற்றோடு போன சேதி காடு முழுக்கத் தெரிந்ததுதான், சடையப்பருக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. தம்பியைப் பறிகொடுத்த பெண்ணிடம் போய் இதையா கொடுத்தோம்? அட மடக் கரடியே, உனக்கு ஒரு பாய், ஒரு பத்தியம் வேறு. சமாளிக்க நாலு நல்ல வார்த்தை அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும். காலம் ஆற்றும், துணிவே துணை, இந்த வகையறா. அதில் ஒன்றை எடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

தாழை அவரையே பார்த்தாள். அவள் எதிரில் யாரும் அழுது ஒரு வருஷமாயிற்று. அவள் மனசு நோகும் என்று எல்லோரும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மெல்ல மண்டி போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த அக்கா ஏன் அப்படி நிக்கிறான்னு இதுல போடலை. எனக்குத் தெரியும்," என்றாள். "தம்பி அவ வாலைப் பிடிச்சிருந்தான். இறுக்கிப் பிடிச்சான். வலிச்சுது. ஒரே ஒரு தடவை உதறிட்டா."

சடையப்பர் அந்தப் பக்கத்தை இப்போதுதான் படித்து முடித்திருந்தார். அதில் வாலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அது தெரிந்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நல்லவேளை, அழுகை இன்னும் நின்றபாடில்லை. இல்லாவிட்டால், "ஆகா, நீ உன்னைத்தானே சொல்கிறாய்" என்று போட்டு உடைத்திருப்பார். புத்திசாலித்தனத்தைக் காட்டாமல் இருந்து அவருக்குப் பழக்கமே கிடையாது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சடையப்பர் கேட்டார்:

"அந்த அக்கா இதை அவ அம்மாகிட்டச் சொன்னாளா?"

"சொல்லலை. சொன்னா அம்மா அவ முகத்துலயே முழிக்க மாட்டா."

"அந்த அம்மா இப்ப எங்க இருக்கா?"

தாழை தரையைப் பார்த்தாள். "ஆத்தங்கரையில."

இருவரும் எழுந்து நடந்தார்கள். தாழையின் நடைக்கு ஈடுகொடுக்கவே சடையப்பருக்கு மூச்சு வாங்கியது.

ஆற்றில் தண்ணீர் கலங்க ஆரம்பித்திருந்தது. கூட்டம் பாதி இறங்கிவிட்டது. அம்மா யானை மட்டும் கரையில் நின்றது. தாழை அதன் முன்னால் போய் நின்று, இந்த முறை எருமையை இழுக்காமல், தன் வால், தன் தம்பி என்றே எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா யானை அசையாமல் கேட்டது. பிறகு சொன்னது:

"அவனுக்குப் பின்னால வந்தது நான். தும்பிக்கை எட்டுற தூரம்தான். கரை வந்துடுச்சான்னு நிமிர்ந்து பார்த்தேன். அதுக்குள்ள ஒரு மரம் அடிச்சுக்கிட்டு வந்து அவன் மேல மோதிடுச்சு. நான்தான் விட்டுட்டேன்னு உன் முகத்தைப் பார்க்க முடியாமக் கிடந்தேன், தாழை."

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள், பாருங்கள். தாயும் மகளும் தும்பிக்கையைப் பின்னிக்கொண்டு வாய்விட்டு அழுதார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அக்கரையிலிருந்து கூட்டம் பிளிறிக் கூப்பிட்டது. தாழை ஆற்றைப் பார்த்தாள். அவள் கால் நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் இறங்கினாள்.

"அம்மா, என் வாலைப் பிடிச்சுக்கோ," என்றாள். "எவ்வளவு வலிச்சாலும் உதற மாட்டேன்."

இருவரும் அக்கரை ஏறும்வரை சடையப்பர் கண்ணை எடுக்கவில்லை.

காட்டில் சேதி பரவாமல் இருக்குமா? மறுநாளே ஒரு குரங்கு தன் மகனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. யானைப் பெண்ணுக்குக் கொடுத்தது ரொம்ப வீரியமான புத்தகமாமே, அதையே இவனுக்கும் இரண்டு வேளை கொடுங்கள் என்று நச்சரித்தது.

சடையப்பருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன்னை நினைத்துத்தான். "அதுல வேலை செஞ்சது புத்தகமா, என் அழுகையான்னு எனக்கே தெரியலைப்பா," என்றார். "நான் வாயைத் திறந்திருந்தா காரியம் கெட்டிருக்கும். அது மட்டும் தெரியும்."

தகப்பன் குரங்கை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு மகனைப் பக்கத்தில் உட்காரவைத்தார். கையை உயர்த்தாமல், அவன் பேசும்வரை காத்திருந்தார். அது அவருக்குத் தேன்கூட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நீதி: பிறருக்குக் கொடுக்கும் புத்தகத்தை முதலில் நீ கடைசிவரை படி, கொடுத்த பிறகு வாயை மூடிக் காதைத் திற.